ஃபோர்ட்ரானுக்கு இரங்கற்பா பாடுகிறவர்களுக்கு

அறிவியல் படிக்கும் மாணவர் எந்தக் கணினி மொழியைக் கற்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் இன்று ஒரே பதில்தான் வருகிறது: பைத்தான். பதிலில் எனக்குச் சண்டை இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வாலில்தான் சண்டை. "பைத்தான் போதும், ஃபோர்ட்ரானெல்லாம் செத்துப்போன மொழி, தாத்தா காலத்துச் சரக்கு." துறைக் கூட்டங்களிலும் பாடத்திட்டக் குழுக்களிலும் யூடியூப் காணொளிகளிலும் இது ருசுப்பிக்கத் தேவையில்லாத உண்மை மாதிரிப் புழங்குகிறது. எம்எஸ்சி இயற்பியல், கணிதப் பாடத்திட்டங்களில் ஃபோர்ட்ரான் இருந்த இடம் பல கல்லூரிகளில் சத்தமில்லாமல் காலியாகிவிட்டது. காலி செய்தவர்கள் இன்றைய ஃபோர்ட்ரானில் பத்து வரி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. கேள்விப்பட்டதை வைத்தே தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

செத்துவிட்டது என்பது தகவல் பிழை. பைத்தான் போதும் என்பது அதைவிட மோசம், ஏனென்றால் அது மாணவரின் கையைக் கட்டிவிடுகிறது.

முதலில் பிணத்தைப் பார்ப்போம். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது. சென்னைக்கு வருமா, நெல்லூர்ப் பக்கம் திரும்பிவிடுமா என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வானிலைத் துறையினர் அப்போது எடுத்துப் பார்க்கும் மாதிரிகள் எந்த மொழியில் எழுதப்பட்டவை? அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மையத்தின் ஐஎஃப்எஸ், பிரிட்டிஷ் வானிலைத் துறையின் யூனிஃபைட் மாடல், தேசிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் நொய்டாவிலிருந்து ஓட்டும் அதன் இந்திய வடிவம், ஆய்வு மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் ஓட்டும் டபிள்யூஆர்எஃப். எல்லாவற்றின் உடலும் ஃபோர்ட்ரான்தான். 2024 செப்டம்பரில் புனேயில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்று இரண்டு சூப்பர் கணினிகளை மத்திய அரசு தொடங்கிவைத்தது. செலவு 850 கோடி ரூபாய். அர்காவின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவின் திறன் 8.24. வானிலைக்கென்றே வாங்கிய அந்த இயந்திரங்கள் இரவும் பகலும் போடும் கணக்கில் பெரும்பங்கு செத்துப்போன மொழியில் எழுதிய கணக்கு.

"அதெல்லாம் பழைய கோடு சார். மாற்ற முடியாமல் வைத்திருக்கிறார்கள்." இதுதான் உடனே வரும் பதில். சரி, புதிதாக எழுதுகிறவர்களைப் பார்ப்போம். பிரிட்டிஷ் வானிலைத் துறை தன் யூனிஃபைட் மாடலுக்குப் பதிலாக அடுத்த தலைமுறை மாதிரியைக் கட்டிவருகிறது. வானிலையை எண்களால் கணிக்கலாம் என்று 1922இலேயே புத்தகம் எழுதிய லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனை நினைத்து அதற்கு எல்எஃப்ரிக் என்று பெயர் வைத்தார்கள். அடிப்படை அமைப்பையே மாற்றிவிட்டுத் தொடங்கிய வேலை அது. மொழியையும் மாற்ற நினைத்திருந்தால் அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அவர்கள் எடுத்துக்கொண்டது நவீன ஃபோர்ட்ரானை. ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேலையைப் பிரித்துத் தரும் நிரலை மட்டும் சைக்ளோன் என்ற பைத்தான் கருவி எழுதிக் கொடுக்கிறது. இரண்டு மொழியும் ஒரே கூரையின் கீழ், அதனதன் வேலையோடு இருக்கின்றன. நான் கேட்பதும் அதைத்தான்.

வேதியியல் துறைக்குப் போனால் வாஸ்ப், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, காஸியன் என்ற மென்பொருள்கள். மூன்றும் ஃபோர்ட்ரான். இன்டெல் நிறுவனம் தன் பழைய ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதியதை எழுதி வெளியிட்டது. ஜிபியு விற்கும் என்விடியா தனியாக ஒன்று வைத்திருக்கிறது. எல்எல்விஎம் குழு ஃபிளாங் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மொழியின் கடைசித் தரநிலை வெளியான ஆண்டு 2023. பைத்தானில் சிம்பை என்ற குறியீட்டுக் கணித லைப்ரரியைத் தொடங்கிய ஒன்ட்ரெய் செர்டிக் பிறகு எல்ஃபோர்ட்ரான் என்ற கம்பைலரை எழுதப் போய்விட்டார். பைத்தானை ஆழமாகத் தெரிந்தவர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். மொழிகளின் செல்வாக்கைத் தரவரிசைப்படுத்தும் டயோபி பட்டியலைக் காட்டி ஃபோர்ட்ரான் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில் அது முதல் பத்துக்குள் வந்தபோது அவர்களில் ஒருவரும் அந்தப் பட்டியலை நினைவுபடுத்தவில்லை. நான் அந்தப் பட்டியலை எப்போதுமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அது வேறு கதை.

இனி, பைத்தான் போதும் என்ற பேச்சு.

பைத்தானின் எண்கணித லைப்ரரியான நம்பையில் ஓர் அணிக்கு ஐகென் மதிப்புகள் வேண்டும். ஒரே வரி எழுதினால் விடை வந்துவிடுகிறது. அந்த ஒரு வரி நேராக லேபேக் லைப்ரரிக்குள் இறங்குகிறது. 1992இல் வெளியான லேபேக்கும் அதற்கு முன்னோடியான 1979ஆம் ஆண்டின் லின்பேக்கும் ஃபோர்ட்ரானில் பிறந்தவை. இந்தப் பணிகளில் முன்னின்ற ஜாக் டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டின் ட்யூரிங் விருது கிடைத்தது. பைத்தானின் அறிவியல் லைப்ரரியான சைபைக்குள்ளும் தொகையிடலுக்குக் குவாட்பேக், வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு ஓடிஇபேக் என்று பல ஆண்டுகள் ஃபோர்ட்ரான் லைப்ரரிகளே உழைத்தன. சைபை குழுவினர் இப்போது அவற்றை ஒவ்வொன்றாக வேறு மொழிகளுக்கு, பெரும்பாலும் சி-க்கு, மாற்றிவருகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாற்றட்டும். என் வாதம் அந்த லைப்ரரிகள் ஃபோர்ட்ரானில் இருக்கின்றன என்பதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பைத்தானில் கணக்குப் போடுகிறேன் என்று நாம் சொல்லும்போது கணக்கை வேறு யாரோ வேறொரு மொழியில் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார். பைத்தானில் நாம் செய்வது அவரைக் கூப்பிடுவது. கூப்பிடுவதற்கு அதைவிடச் சுகமான மொழி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு வேண்டிய கணக்கை இதுவரை எவருமே போட்டுவைக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஆய்வு என்று சொன்னாலே அந்த நிலைமைதானே?

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் பார்ப்போம். சதுரமான ஓர் உலோகத் தகடு. நான்கு விளிம்புகளின் வெப்பநிலையும் தெரியும், நடுவில் எங்கே எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்க வேண்டும். இளங்கலையிலேயே வரும் லாப்லாஸ் சமன்பாடு. தகட்டுக்குள் 100க்கு 100 என்று புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் அதைச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரி என்று எழுதி, எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். எளிய முறை ஜகோபி. பழைய மதிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு புதியவற்றைத் தனி அர்ரேயில் எழுதிக்கொண்டு போவது. அடுத்தது காஸ்-சைடல். புதிய மதிப்பு கிடைத்த கையோடு அதையே பக்கத்துப் புள்ளிக்குப் பயன்படுத்துவது. இன்னொன்று எஸ்ஓஆர். காஸ்-சைடல் சொல்லும் திருத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு எட்டி நடப்பது. எவ்வளவு கூட்டினால் மிக விரைவாக முடியும் என்பதை 1950இல் டேவிட் யங் தன் ஹார்வர்டு முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார். நம் தகட்டில் பிழையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஜகோபிக்கு ஏறத்தாழ 28,500 சுற்று ஆகும். காஸ்-சைடலுக்கு அதில் பாதி, 14,300. எஸ்ஓஆர் சில நூறு சுற்றுகளில் முடித்துவிட்டுப் போய்விடும்.

பைத்தான் மட்டும் தெரிந்த மாணவர் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார் என்று கவனியுங்கள். முதலில் புத்தகத்தில் உள்ளபடி லூப்புக்குள் லூப் எழுதுகிறார். நிரல் ஊர்கிறது. நம்பை அர்ரேயிலிருந்து ஓர் எண்ணை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் பைத்தான் அதற்குப் புதிதாக ஒரு பொருளை உருவாக்கி, வகை என்ன என்று விசாரித்து, கூட்டி முடித்த பிறகு அதைத் தூக்கி எறிகிறது. எண்ணின் அளவு எட்டே பைட். அதைச் சுமக்க பைத்தானின் தசம எண் பொருள் பிடித்துக்கொள்ளும் இடம் 24 பைட். மாணவர் மூத்தவர் ஒருவரிடம் போய் நிற்கிறார். "லூப் எழுதாதே, வெக்டரைஸ் பண்ணு" என்று அறிவுரை கிடைக்கிறது. முழு அர்ரேயையும் நான்கு திசைகளில் ஒவ்வொரு கட்டம் நகர்த்தி, கூட்டி, நான்கால் வகுக்கிறார். நிரல் பறக்கிறது, அவருக்கும் மகிழ்ச்சி. இப்போது அவர் எழுதிவைத்திருப்பது ஜகோபி. இருக்கிற முறைகளில் ஆக மந்தமானதை மொழியே அவருக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. தேர்வு ஒன்று நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

அதே மாணவர் ஃபோர்ட்ரானில் எழுதினால் புத்தகத்துச் சூத்திரம் அப்படியே இரட்டை லூப்பாக உட்கார்ந்துவிடும். பழைய எண்ணின் மேலேயே புதியதை எழுதுவதால் அது தானாகக் காஸ்-சைடல் ஆகிறது. கூட ஒரு பெருக்கல் சேர்த்தால் எஸ்ஓஆர். லூப் எழுதியதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

விவரம் தெரிந்த பைத்தான்காரர் இங்கே குறுக்கிடுவார். புள்ளிகளைச் சதுரங்கப் பலகைபோல் சிவப்பு, கறுப்பு என்று பிரித்துக்கொண்டால் நம்பையிலேயே எஸ்ஓஆரை வெக்டரைஸ் செய்யலாமே என்பார். செய்யலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த உத்தி தோன்ற வேண்டுமென்றால் எந்த எண் எப்போது எதைச் சார்ந்திருக்கிறது என்று லூப்பின் மொழியில் யோசிக்கப் பழகியிருக்க வேண்டும். பைத்தான் போதும் என்ற உபதேசம் அந்தப் பழக்கத்தைத்தான் முளையிலேயே கிள்ளுகிறது.

இன்னொருவர் நம்பாவைக் காட்டுவார். பைத்தான் லூப்பைக் கம்பைல் செய்து வேகமாக ஓட்டித் தரும் கருவி அது. நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம்பாவுக்கு ஒத்துவரும் பைத்தான் எப்படி இருக்கும்? எண்கள், அர்ரேக்கள், லூப்புகள், வகை மாறாத மாறிகள். பைத்தானுக்கே உரிய வசதிகளில் பாதியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மிஞ்சுவது, வகை அறிவிப்பு இல்லாத ஃபோர்ட்ரான். அறிவிப்பு இருந்தால் கம்பைலர் முன்கூட்டியே பிடித்துக்கொடுக்கும் தவறுகளை இங்கே நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

தவறு பிடிப்பதைப் பற்றிச் சொன்னால், ஃபோர்ட்ரானில் ஒரு துணைநிரலுக்குள் வரும் மாறி உள்ளீடு மட்டுமே என்று அறிவித்துவிட்டால் அதன் மதிப்பை மாற்றும் வரியைக் கம்பைலர் ஏற்காது. நம்பையில் ஒரு செயல்கூறுக்குள் அர்ரேயை அனுப்பி, அது உள்ளே திருத்தப்பட்டு, வெளியே உள்ள தரவும் சேர்ந்து மாறிப்போய், விடை ஏன் தப்பு என்று இரவெல்லாம் தேடிய ஆய்வு மாணவர்களுக்கு இந்த ஒரு வசதியின் அருமை தெரியும். நினைவக வரிசை இன்னொரு பாடம். ஃபோர்ட்ரான் அணியை நெடுவரிசை நெடுவரிசையாக நினைவகத்தில் அடுக்குகிறது. இன்றைய செயலிகள் பெரும்பாலானவை நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 பைட் எடுக்கும், அதாவது எட்டு எண்கள். உள் லூப்பைத் தவறான திசையில் ஓட்டினால், பெரிய அணிகளில் எட்டை எடுத்து ஒன்றைப் பயன்படுத்திவிட்டு ஏழை வீணாக்குகிறோம். லூப் எழுதிப் பழகும் முதல் வாரத்திலேயே மாணவருக்கு இது கையில் படியும். லூப்பே எழுதாதவருக்குப் படிய வழியில்லை.

தாத்தா காலத்துச் சரக்கு என்ற ஏளனம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது நிரல் என்பது துளையிட்ட அட்டைகளின் கட்டு. முதல் ஐந்து இடங்கள் வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் எழுபத்திரண்டு வரைதான் நிரல். ஐ முதல் என் வரை எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் சொல்லாமலே முழு எண் ஆகிவிடும். எங்கு பார்த்தாலும் கோ டூ. நம் கல்லூரிகளில் பலரும் படித்தது இந்த வகையைத்தான். 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்த காலத்திலிருந்து அங்கே கற்பித்தவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூல்கள் ஒரு தலைமுறைக்கே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தன. அவர் தன் காலத்து மொழியைத் தெளிவாகச் சொல்லித்தந்தார். அவருக்குப் பின் வந்த நாம்தான் ஃபோர்ட்ரான் 77ஐத் தாண்டாமல் அதையே முப்பது வருடம் நடத்திவிட்டு, மொழி பழசு என்று கைகழுவினோம். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இல் ஃபோர்ட்ரானைக் கடுமையாகச் சாடியதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் திட்டியது ஃபோர்ட்ரான் 77க்கும் முந்தியதை. (ஒரு கமா விடுபட்டதால் ஃபோர்ட்ரான் நிரலொன்று 1962இல் மரைனர் விண்கலத்தை அழித்தது என்ற கதையும் இதே ரகம். அங்கே விடுபட்டது, கையால் எழுதிய சமன்பாட்டில் ஒரு குறியின் மேல் இருந்திருக்க வேண்டிய கோடு.)

ஃபோர்ட்ரான் 90 வந்ததும் அட்டைக் கட்டுப்பாடு போய்விட்டது. மாட்யூல்கள் வந்தன, தேவைக்கேற்ப அளவு மாறும் அர்ரேக்கள் வந்தன, இரண்டு அர்ரேக்களை ஒரே கூட்டல் குறியால் கூட்டும் வசதியும் வந்தது. நம்பையின் மூதாதையான நியூமெரிக் 1995இல்தான் வருகிறது. ஃபோர்ட்ரான் 2003 பொருள்நோக்கு வசதிகளையும் சி மொழியோடு பேசும் வழியையும் தந்தது. பல செயலிகளுக்கு அர்ரேயைப் பங்கிட்டுத் தரும் ஏற்பாடு 2008ஆம் ஆண்டுத் தரநிலையில் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. இதையெல்லாம் பார்க்காமல் ஃபோர்ட்ரானைக் கேலி செய்பவர், பைத்தான் பிறப்பதற்கு முந்தைய ஒன்றைக் கேலி செய்துகொண்டிருக்கிறார்.

பழசு என்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. எண்பதுகளில் எழுதிய ஒழுங்கான ஃபோர்ட்ரான் 77 நிரலை இன்றைய ஜிஃபோர்ட்ரான் கம்பைலரிடம் கொடுத்தால் பெரும்பாலும் கம்பைல் செய்துவிடும். தரநிலையிலிருந்து நீக்கிய சில பழைய கூறுகளைக்கூட முணுமுணுத்துக்கொண்டே ஏற்கும். பைத்தான் 2இல் எழுதிய ஆய்வு நிரல்களின் கதி என்ன? 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு அந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது. ஒரு சாதாரண அச்சிடும் வரிகூட பைத்தான் 3இல் ஓடாது. நம்பைக்குள்ளேயே, ஆயிரக்கணக்கான நிரல்களில் இருந்த ஃப்ளோட் என்ற சுருக்கப் பெயரை 2021இல் எச்சரித்து, 2022 டிசம்பரில் வந்த 1.24ஆம் பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த நாளில் எழுதிய நிரல், ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாளில் ஓடவில்லை என்றால் அது வெறும் எரிச்சல் அல்ல. அறிவியல் முடிவை இன்னொருவர் சரிபார்க்கும் வழியே அடைபடுகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மாதிரி எதற்கு, மொழி எதற்கு என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட், பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. ஐரோப்பிய மையமும் 2025 பிப்ரவரியில் தன் ஏஐ மாதிரியை அன்றாடச் சேவைக்குக் கொண்டுவந்துவிட்டது. கிராஃப்காஸ்ட் எதைப் படித்து வானிலை கற்றது? 1979 முதல் 2017 வரையிலான ஈஆர்ஏ5 தரவை. ஈஆர்ஏ5 எப்படி உருவானது? பழைய அவதானிப்புகளை ஐஎஃப்எஸ் மாதிரிக்குள் செலுத்தி, உலகம் முழுவதற்கும் மணிக்கு மணி கணக்கிட்டு உருவாக்கினார்கள். அந்த ஏஐயின் ஆசிரியர் ஒரு ஃபோர்ட்ரான் நிரல்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் 2023இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அடுத்த 15 ஆண்டுகளுக்கு முக்கியமான நிரல்களுக்கு ஃபோர்ட்ரானை நம்பியிருப்பதில் என்னென்ன ஆபத்து என்று அலசும் அறிக்கை. எழுதத் தெரிந்த இளைஞர்கள் குறைகிறார்கள், புதுப்புது ஜிபியுக்களுக்குக் கம்பைலர் ஆதரவு உறுதியில்லை என்பவை அதன் கவலைகள். ஜிபியு விஷயத்தில் அவர்கள் கவலை நியாயமானது. அமெரிக்க எரிசக்தித் துறையின் இ3எஸ்எம் குழு தன் வளிமண்டல மாதிரியை ஃபோர்ட்ரானிலிருந்து மாற்றி எழுதி, ஃபிரான்டியர் சூப்பர் கணினியில் ஓட்டி, காலநிலை மாதிரிகளுக்கான கார்டன் பெல் பரிசை 2023இல் வாங்கியது. மாற்றி எழுதிய மொழி எது? சி++. பைத்தான் இல்லை. வகை அறிவித்து, நினைவகம் அறிந்து, கம்பைல் செய்யும் ஒரு மொழி இல்லாமல் அங்கேயும் ஆகவில்லை. ஆள் இல்லை என்ற முதல் கவலையைப் பொறுத்தவரை, அதைக் கற்பிக்காமல் விட்டவர்களே அதைச் சான்றாகக் காட்டக் கூடாது.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்பீர்கள். ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் ஐடி நிறுவனங்களில் ஃபோர்ட்ரான் சோறு போடாது. அங்கே போக நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. பாய்மங்கள், பருவமழை, மூலக்கூறுகள், கட்டமைப்புகள் என்று ஏதாவது ஒன்றைக் கணக்கிட்டு வாழப்போகிறவருக்கு எழுதுகிறேன். டபிள்யூஆர்எஃப் மாதிரியில் மழைத்துளி உருவாகும் பகுதியைத் திருத்த வேண்டிய நாள் அவருக்கு வரும். அன்று உள்ளே இருப்பதை வாசிக்கத் தெரியவில்லை என்றால், மற்றவர்கள் தந்த விசைகளைத் திருகிப் பார்ப்பதோடு அவர் ஆய்வு நின்றுவிடும். சி++ கற்க ஒரு வருடம் போதாது. பைத்தான் தெரிந்தவர் ஃபோர்ட்ரானைச் சில வாரங்களில் பிடித்துவிடலாம், அவ்வளவு சின்ன மொழி.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களே, பைத்தானை நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எண்ணியல் முறைகள் செய்முறை வகுப்பை மட்டும் ஃபோர்ட்ரானில் நடத்துங்கள். பழைய 77 வேண்டாம், 2018ஆம் ஆண்டுத் தரநிலையை வைத்து நடத்துங்கள். ஜிஃபோர்ட்ரான் இலவசம், லேபில் தூசி படிந்து கிடக்கும் கணினியிலும் ஓடும். மாணவர் எழுதிய எஸ்ஓஆர் துணைநிரலைப் பைத்தானிலிருந்தே அழைத்து அங்கேயே வரைபடம் போட்டுக்கொள்ளலாம். அதற்கான எஃப்2பை கருவியைத் தனியாகத் தேட வேண்டாம். அது நம்பையோடு சேர்ந்தே வருகிறது.